டெலிவரி சராசரி 4 நாள் என்று காட்டிய டேஷ்போர்டு

ஆர்டர்களைப் பேக் செய்து அனுப்பும் பிரிவில் வேலை செய்கிறேன். எக்செல்லில் கொஞ்சம் கை பழகியவன் என்பதால், வாராந்திர நிர்வாகக் கூட்டத்துக்கு ஒரு டேஷ்போர்டு, அதாவது முக்கிய எண்களை ஒரே திரையில் காட்டும் ரிப்போர்ட், செய்து தரச் சொன்னார்கள். அதற்கான மைக்ரோசாஃப்ட் மென்பொருளான பவர் பிஐ அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தேன், ஆர்வம் அதிகம். விற்பனை, சரக்கு இருப்பு, ரிட்டர்ன், டெலிவரி, புகார்கள் என்று ஒரே திரையில் 19 சார்ட் வைத்தேன். கூட்டத்தில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் ஒரு மாதம் கழித்தும் மேலாளர் பழையபடி எனக்கு மெயில் போட்டு, "போன வாரம் ரிட்டர்ன் எவ்வளவு?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு ரிப்போர்ட்டை யார் எத்தனை முறை திறந்தார்கள் என்ற கணக்கு பவர் பிஐயிலேயே கிடைக்கும். எடுத்துப் பார்த்தேன், என்னைத் தவிர அநேகமாக யாரும் திறக்கவில்லை. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்புறம்தான் செய்திருக்க வேண்டிய முதல் வேலையைச் செய்தேன். நான்கு வாரம் அந்தக் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து, என்னென்ன முடிவு எடுக்கிறார்கள் என்பதை மட்டும் எழுதிக்கொண்டேன். எதை மறுபடி வாங்குவது, அடுத்த வாரம் தற்காலிக ஆள் தேவையா, எந்தப் பொருளைக் கழித்துக்கட்டுவது, கூரியர்காரர்களிடம் என்ன பேசுவது என்று சுற்றிச் சுற்றி ஐந்தாறு முடிவுகள்தான். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவரிடம் போய், "எந்த நம்பர் எவ்வளவு மாறினால் உங்கள் முடிவு மாறும்?" என்று கேட்டேன். இந்தக் கேள்விக்குப் பதில் வராத சார்ட்டை எல்லாம் தூக்கிவிட்டேன். 19 சார்ட் 6 ஆனது.

அடுத்தது யாரும் எதிர்பார்க்காத இடத்தில் சிக்கியது. "இந்த மாத விற்பனை" என்ற ஒரே ஒரு எண். விற்பனைப் பிரிவு ஆர்டர் வந்த தேதியை வைத்து எண்ணுகிறது, கணக்குப் பிரிவு பில் போட்ட தேதியை வைத்து எண்ணுகிறது, நாங்கள் சரக்கு வெளியே போன தேதியை வைத்து எண்ணுகிறோம். ரிட்டர்ன் வந்ததைக் கழிப்பதா, கழித்தால் எந்த மாதத்தில் கழிப்பது என்பதிலும் ஆளுக்கு ஒரு வழி. மூன்று பேர் மூன்று எண்ணோடு வந்து கூட்டத்தின் முதல் பாதி முழுக்க யார் எண் சரி என்பதிலேயே போய்க்கொண்டிருந்ததற்குக் காரணம் இதுதான், ஒருவர் கணக்கும் தவறில்லை. மூன்று பிரிவையும் உட்கார வைத்துப் பேசி, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரி விளக்கம் எழுதி, அதை டேஷ்போர்டிலேயே தனிப் பக்கமாக வைத்தோம். இதற்கு மட்டும் மூன்று வாரம் ஆயிற்று. சார்ட் வரைந்த நேரத்தை விட இந்த மூன்று வாரத்துக்குத்தான் பலன் அதிகம் என்று இன்றும் நம்புகிறேன்.

இனி டெலிவரி விஷயம். இதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

டேஷ்போர்டின் மேல் வரிசையில் "சராசரி டெலிவரி: 4 நாள்" என்று பெரிதாக ஓர் எண் வைத்திருந்தேன். வாடிக்கையாளருக்கு நாங்கள் சொல்லியிருந்தது 3 நாள். நான்கு மாதமாக அந்த 4 இறங்கவே இல்லை. கூரியர் நிறுவனத்தை மாற்றிவிடலாம் என்று நிர்வாகம் கிட்டத்தட்ட முடிவு செய்து, வேறு இரண்டு நிறுவனங்களிடம் விலை கேட்டு எழுதியும் ஆயிற்று.

அந்த நேரத்தில்தான், படிக்கும்போது கேள்விப்பட்ட ஒன்று நினைவுக்கு வந்தது. பிரான்சிஸ் அன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் 1973-ல் நான்கு தொகுதி எண்களைக் கொடுத்தார், ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்குக்கும் சராசரி, பரவல், தொடர்புக்கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதைச் சொல்லும் எண்) எல்லாம் ஏறக்குறைய ஒன்றே, ஆனால் வரைந்து பார்த்தால் நான்கும் நான்கு விதம். சரி, நம் 4 நாளையும் விரித்துப் பார்ப்போமே என்று ஒரு ஹிஸ்டோகிராம் போட்டேன். எத்தனை ஆர்டர் 1 நாளில், எத்தனை 2 நாளில் என்று வரிசையாகப் பட்டைகள். 4-க்கு நேரே பட்டையே இல்லை என்று சொல்லும் அளவுக்குச் சின்னதாக இருந்தது. நான்கில் மூன்று பங்கு ஆர்டர்கள் 2, 3 நாளிலேயே போய்ச் சேர்ந்திருந்தன. மீதி ஒரு பங்கு 8, 9, 10 நாள். அதாவது 4 நாளில் பார்சல் வாங்கிய வாடிக்கையாளரே அநேகமாகக் கிடையாது, நாங்கள் நான்கு மாதமாக இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அந்தத் தாமதமான ஒரு பங்கை மட்டும் ஃபில்டர் செய்து, மொத்த நாட்களை இரண்டாகப் பிரித்தேன்: எங்கள் கிடங்கில் கிடந்த நாள், கூரியர் கையில் இருந்த நாள். கூரியர் கையில் இருந்தது சீக்கிரம் சேர்ந்த ஆர்டர்களுக்கும் தாமதமானவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான். தாமதம் முழுவதும் எங்களிடம். அந்த ஆர்டர்களில் பெரும்பாலானவை இரண்டு மூன்று பொருள் சேர்ந்தவை, அவற்றில் ஏதோ ஒன்று இன்னொரு கிடங்கிலிருந்து வர வேண்டும், அது வந்து சேரும் வரை மற்றவை ரேக்கில் காத்திருக்கும்.

அடுத்த கூட்டத்தில் அந்த இரண்டு சார்ட்டை மட்டும் காட்டினேன். பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்தது. கூரியரை மாற்றும் யோசனையை நிறுத்தினார்கள், சேர்த்து வாங்கப்படும் பொருள்களை ஒரே கிடங்கில் வைப்பது, அது முடியாதபோது பிரித்து அனுப்புவது என்று முடிவானது. என் வேலையால் ஒரு முடிவு மாறியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. மேல் வரிசையில் இருந்த சராசரியை அன்றே எடுத்துவிட்டு, "3 நாளுக்குள் சேர்ந்தவை எத்தனை சதவீதம்" என்பதை வைத்தேன்.

சின்னச் சின்னத் திருத்தங்கள் அப்புறம் நிறைய வந்தன. ரிட்டர்ன் காரணங்களை, வட்டத்தைத் துண்டு போட்டுக் காட்டும் பை சார்ட்டாகத்தான் முதலில் வைத்திருந்தேன். ஒன்பது துண்டில் எது பெரியது என்று தெரியாமல் எல்லோரும் எண்ணைத்தான் படித்தார்கள். ஒரே அடிக்கோட்டிலிருந்து நீளும் பட்டைகளைக் கண் துல்லியமாக ஒப்பிடும், கோணத்தில் அந்த அளவு முடியாது என்று 1984-லேயே கிளீவ்லண்ட், மெக்கில் என்ற இருவர் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். பட்டையாக மாற்றியதும் அந்தக் குழப்பம் போயிற்று. சிவப்பும் பச்சையும் தனக்கு ஒரே மாதிரி தெரிவதாகச் சக ஊழியர் ஒருவர் தனியாக வந்து சொன்னார், அதிலிருந்து நிறத்தோடு மேல்நோக்கிய, கீழ்நோக்கிய அம்புக்குறியும் போடுகிறேன். ஒரு திங்கட்கிழமை டேட்டா ரிஃப்ரெஷ் ஆகாமலே போய், போன வார எண்களை வைத்தே தற்காலிக ஆட்களை வரச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு "கடைசியாகப் புதுப்பித்தது" என்று தேதியும் நேரமும் திரையின் தலையிலேயே இருக்கிறது, ஒரு நாளுக்கு மேல் பழையதானால் அது தடித்த எழுத்தில் தெரியும்.

இப்போது கூட்டத்தில் புதுக் கேள்வி ஒன்று வந்திருக்கிறது. பிரித்து அனுப்ப ஆரம்பித்ததால் பேக்கிங் செலவும் கூரியர் செலவும் எவ்வளவு ஏறியிருக்கிறது, புகார் குறைந்ததோடு ஒப்பிட்டால் அது தகுமா என்று மேலாளர் கேட்கிறார். நியாயமான கேள்வி. செலவுக் கணக்கு எங்களிடம் ஆர்டர் வாரியாக இல்லை, மாத மொத்தமாகத்தான் இருக்கிறது. அதை எப்படிப் பிரிப்பது என்று பேச நாளை கணக்குப் பிரிவுக்குப் போகிறேன்.