பூ விழுந்த கண்ணுக்கு லென்ஸ் பொருத்தும்போது

மிலாறு (வெட்டிய தேயிலைக் குச்சி) குத்தியது, விறகு பிளக்கும்போது சிராய் தெறித்தது, தீபாவளி வெடி முகத்தில் பட்டது. தேயிலைத் தோட்டங்களில் கண்ணில் பூ விழுந்த கதை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். புண் ஆறினாலும் கோர்னியாவில் (கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலம்) வெள்ளைத் தழும்பு நின்றுவிடும். அதை மறைக்க நிறம் தீட்டிய கொன்டாக்ட் லென்ஸ் நல்ல வழி. ஆனால் லென்ஸ் பொருத்துபவர் நிறம் பார்க்க உட்காரும் முன், அந்தக் கண்ணில் எவ்வளவு பார்வை மிச்சமிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

நல்ல கண்ணை உள்ளங்கையால் முழுதாக மூடச் சொல்லி, மற்றக் கண்ணுக்கு நாலு பக்கமிருந்தும் டோர்ச் அடியுங்கள். பிறகு கையை ஆட்டிக் காட்டுங்கள். வெளிச்சமே தெரியாத கண்ணுக்கு, கண்மணியும் (கருவிழியின் நடுத் துளை) கறுப்பாக அடைத்த லென்ஸ் போடலாம். தழும்பு ஓரத்தில் இருந்து நடுவில் பார்வை இருந்தால், கண்மணி திறந்த லென்ஸ். சிக்கல் இரண்டுக்கும் இடைப்பட்ட கண்ணில்தான். எழுத்து தெரியாது, ஆனால் பக்கத்தில் கை அசைந்தால் தெரியும். கண்மணியை அடைத்தால் முகம் அழகாகும், அந்தப் பக்கப் பார்வை போய்விடும். கானும் (வடிகால்) படிக்கட்டும் நிறைந்த மலைப்பாதையில் அது சின்ன இழப்பு அல்ல. மாதிரி லென்ஸைப் போட்டு, துணைக்கு ஒருவரோடு படியிறங்கி நடந்து பார்த்த பின் லென்ஸ் போடுபவரே முடிவு சொல்லட்டும்.

கோர்னியா மாற்றினால் பார்வை வருமா என்பதையும் கண் சத்திரசிகிச்சை நிபுணரிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண் தானச் சங்கம் இருக்கும் நாடு நம் இலங்கை. அந்தக் கேள்வியைக் கேட்காமல் வெள்ளையை மூடிவிடுவது நியாயமில்லை.

சில கண்களுக்கு இந்த லென்ஸ் வேண்டாம். சிவப்பு அடங்காத கண், புண் ஆறாத கண். பஞ்சை நூலாக முறுக்கிக் கோர்னியாவைத் தொட்டும் இமை வெட்டவில்லை என்றால் உணர்ச்சி இல்லை; நாளை லென்ஸுக்குள் புண் வந்தாலும் அவருக்கு வலிக்காது. கண்ணீர் அளக்கும் காகிதப் பட்டி 5 நிமிடத்தில் 5 மி.மீ. கூட நனையாவிட்டாலும் தவிர்ப்பது நல்லது. சுருங்கி உள்வாங்கிய கண்ணில் மென் லென்ஸ் நிற்காது, அதற்குச் செயற்கைக் கண் செய்பவரிடம் கண்மேல் பொருத்தும் ஓடு எடுக்க வேண்டும். புண் தெரியப் புளோரசீன் சாயம் விட்டுச் சோதித்தால் நன்றாகக் கழுவிய பின்னரே லென்ஸ் வையுங்கள்; சாயம் லென்ஸில் ஏறிவிடும்.

தழும்புள்ள கோர்னியாவில் வளைவை அளக்கும் கெரட்டோமீட்டரின் வளையங்கள் உடைந்து தெரியும். அதனால் நல்ல கண்ணின் வளைவை வைத்தே தொடங்கலாம். கருவிழியின் குறுக்களவு பெரும்பாலும் 11.5 முதல் 12 மி.மீ. வரை, தீட்டிய வட்டமும் நல்ல கண்ணின் அளவோடு ஒத்திருக்க வேண்டும். மாதிரி லென்ஸுக்கு 14 அல்லது 14.5 மி.மீ. விட்டம், 8.6 மி.மீ. வளைவு நல்ல ஆரம்பம். போட்டதும் தீர்மானிக்க வேண்டாம், 20 முதல் 30 நிமிடம் பொறுங்கள். இமைக்கும்போது 0.25 முதல் 0.5 மி.மீ. நகர வேண்டும். தளர்ந்தால் கருவிழியே வழுக்குவதுபோல் தெரியும். இறுகினால் நிறம் அசையாமல் அழகாக நிற்கும், ஆசை காட்டும். மாலையில் கழற்றும்போதுதான் வெள்ளை விழியில் பதிந்த வளையமும் சிவப்பும் தெரியும். நிறம் தீட்டிய லென்ஸுக்குள் ஒட்சிசன் குறைவாகவே போகும் என்பதால் இறுக்கத்தோடு சமரசம் செய்யக் கூடாது. ஒட்சிசன் போதாவிட்டால் இரத்தக் குழாய்கள் கோர்னியாவுக்குள் ஊர்ந்து வரும்.

நிறத்தை ஜன்னலோர வெளிச்சத்தில் பாருங்கள், டியூப் லைட்டின் கீழ் அல்ல. நுவரெலியாவில் மூடுபனி இறங்கிவிட்டால் அன்று நிறம் பார்க்காமல் இருப்பதே மேல். நம் ஆட்களின் கடும் பழுப்புக்கு ஒளி ஊடுருவும் சாயம் போதாது; வெள்ளைத் தழும்பின் மேல் அது வெளிறிவிடும். பின்பக்கம் கறுப்புப் பூச்சுள்ளதாக ஓடர் கொடுங்கள். இரண்டு நிறங்களுக்கு நடுவே தடுமாறினால் கருமையானதை எடுப்பேன். கண்மணியின் அளவை வீட்டுக்குள் இருக்கும் வெளிச்சத்தில் நல்ல கண்ணில் அளக்க வேண்டும். படம் அனுப்பினால் முகத்தருகே வெள்ளைக் காகிதம் ஒன்று தெரியட்டும், இல்லாவிட்டால் போன் நிறத்தை மாற்றிவிடும். மாறுகண்ணை இந்த லென்ஸ் நேராக்காது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றையும் கெடுப்பது தண்ணீர். பீலியில் (மலையூற்றுக் குழாய்) வரும் தண்ணீர் எவ்வளவு தெளிவாக ஓடினாலும் லென்ஸிலோ டப்பாவிலோ படக் கூடாது. அகந்தமீபா தண்ணீரில் வாழும் உயிரி, அது பிடித்தால் வலியும் சிகிச்சையும் மாதக் கணக்கில் நீளும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பின்தான் லென்ஸைத் தொட வேண்டும். உள்ளங்கையில் லென்ஸ் திரவம் விட்டு இரு பக்கமும் 20 வினாடி தேய்த்து, புதுத் திரவத்தில் ஊறவிடுங்கள். பழையதன் மேல் ஊற்ற வேண்டாம். டப்பாவைக் கவிழ்த்துக் காய வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஐதரசன் பெரொட்சைட் சில சாயங்களை வெளுக்கும், தயாரிப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

லென்ஸை முதல் நாள் 3 மணித்தியாலம் போடட்டும், பிறகு நாளுக்கு ஒன்றாகக் கூட்டி 8 மணித்தியாலம் வரை. தூங்கும்போது கட்டாயம் கழற்ற வேண்டும். மருந்து அடிக்கும்போதும், புகை சூழ்ந்த அடுப்படியிலும் போட வேண்டாம். யூலை, ஓகஸ்டில் பதுளைப் பக்கம் அடிக்கும் வறண்ட காற்றில் நேரத்தைக் குறைப்பது நல்லது. சிவப்போ வலியோ வெளிச்சக் கூச்சமோ வந்தால் கழற்றிவிட்டு அன்றே வைத்தியரிடம் போக வேண்டும், மறுநாள் என்று தள்ளக் கூடாது.

இன்னொரு ஓடரும் அன்றைக்கே எழுதுங்கள்: மிச்சமிருக்கும் நல்ல கண்ணைக் காக்க, பக்க மறைப்புள்ள பொலிகார்பனேட் கண்ணாடி. பவர் தேவையில்லை என்றாலும் வேண்டும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போதும் புல்வெட்டும் மெஷின் பிடிக்கும்போதும் சாதாரணக் கண்ணாடி உடைந்தால் அந்தத் துண்டே கண்ணுக்குள் போய்விடும்.