ஏழு பவுண்டு

கிண்டி ரேஸ் கோர்ஸில் பத்து வருஷம் குதிரை பார்த்துவிட்டு இங்கிலாந்துக்கு வேலைக்குப் போனேன். லாம்போர்ன் என்று ஒரு கிராமம், எங்கே திரும்பினாலும் லாயம்தான். கிண்டியில் குதிரை ஓடும், அவ்வளவுதான். இங்கே நாலரை அடி வேலியை ஓடுகிற வேகத்திலேயே தாண்ட வேண்டும். முதல் நாள் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

எங்கள் லாயத்தில் பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன் பயிற்சி ஜாக்கியாக இருந்தான். காலையில் என்னோடு லத்தி அள்ளுவான், மதியம் பந்தயத்துக்குப் போவான். இடது முழங்காலுக்குக் கீழே கைகொடுத்து அவனைக் குதிரை மேல் ஏற்றிவிடுவது என் வேலை. எடை கூடியிருக்கிறானா இறங்கியிருக்கிறானா என்று உள்ளங்கையே சொல்லிவிடும்.

வாய் சும்மா இருக்காதே, தினமும் "சாப்பிட்டியா?" என்று தமிழிலேயே கேட்பேன். பதிலுக்கு "சாப்பிட்டேன்", "இல்லை" இரண்டையும் சொல்லிக்கொடுத்தேன். முதல் வார்த்தைக்கு அவனுக்கு வேலையே வரவில்லை. அப்போது குதிரை சுமக்கும் குறைந்தபட்ச எடை 10 ஸ்டோன், அதாவது 63.5 கிலோ, சேணத்தையும் சேர்த்து. இவனோ ஆறடியை நெருங்கிக்கொண்டிருந்தான். பாலும் சர்க்கரையும் இல்லாத டீயும், வியர்த்து எடை இறங்க வெந்நீர்த் தொட்டியும்தான் அவன் மதியச் சாப்பாடு.

புதுப் பையன்களுக்கு ஒரு சலுகை உண்டு. 20 வெற்றி வரும்வரை அவர்கள் ஏறும் குதிரை சுமக்க வேண்டிய எடையில் 7 பவுண்டு, சுமார் 3 கிலோ, குறைப்பார்கள். அப்புறம் 5 பவுண்டு, 40 வெற்றிக்குப் பிறகு 3, 75-ஐத் தொட்டால் ஒன்றும் கிடையாது. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் பாதி ட்ரெய்னர்கள் போன் போட்டுக் கூப்பிட்டது அந்த 7 பவுண்டைத்தான் என்பது எனக்கே லேட்டாகத்தான் உறைத்தது.

இருபதாவது வெற்றிக்கு கேக் வெட்டினோம். கத்தியில் ஒட்டிய கிரீமை மட்டும் விரலால் வழித்து நக்கினான். இரண்டு வாரம் கழித்து, கடைசிக்கு முந்தின வேலியில் குதிரை தலைகுப்புற விழுந்தது. அவனுக்குக் காறை எலும்பு முறிந்தது.

எங்கள் ஊரிலேயே ஓக்ஸி ஹவுஸ் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. அடிபட்ட ஜாக்கிகளுக்கான சிகிச்சை இல்லம், 2009-இல் திறந்தது. அதை நடத்தும் நிதியம் தொடங்கியது 1964-இல். டிம் புரூக்ஷா, பேடி ஃபாரல் என்ற இரண்டு ஜாக்கிகள் சில மாத இடைவெளியில் விழுந்து முடமான பிறகுதான் அதுவும் வந்தது. அங்கே இவன் ஆறு வாரம் உடற்பயிற்சி செய்தான்.

திரும்பி வந்தபோது, அவனே தாண்டக் கற்றுக்கொடுத்த குதிரையின் மேல் வேறொரு பையன் உட்கார்ந்திருந்தான். 7 பவுண்டுப் பையன். ட்ரெய்னர் இவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. போன் அடிப்பது குறைந்தது. வசந்தத்தில் எலக்ட்ரீஷியன் வேலை பழகப் போய்விட்டான்.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள் சும்மா பார்க்க வந்தான். ஓய்வு பெற்ற கிழட்டுக் குதிரை ஒன்றின் மேல் அவனை ஏற்றிவிட்டேன். கை கனத்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மேலிருந்து சத்தம் வந்தது: "சாப்பிட்டேன், சாப்பிட்டேன்!"