இருபது பைட்

பிப்ரவரி 3
நம் இணையதளத்தின் கண்ட்ரோல் பேனல் திறக்கிறது. கோப்புறைகள் எல்லாம் இருக்கின்றன, உள்ளே காலி. ஹோஸ்டிங் நிறுவனத்துக்குப் போட்ட டிக்கெட்டுக்கு வந்த பதில் மூன்று வரி: ரெய்டில் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக்கும் அமைப்பு) இரண்டு டிஸ்க் அடுத்தடுத்துப் போய்விட்டன, மீட்க வழியில்லை, வருந்துகிறோம். கீழே சேவை விதிகளுக்கு ஒரு சுட்டி. பேக்கப் எடுப்பது வாடிக்கையாளர் பொறுப்பாம்.

ஒரு டிஸ்க் போனாலும் சர்வர் நிற்காமல் ஓடத்தான் ரெய்டு. அது பேக்கப் ஆகாது. ஒன்றாக வாங்கி, ஒரே பெட்டிக்குள் ஒரே சூட்டில் கிடந்த டிஸ்க்குகள். முதலாவது போனதும் புது டிஸ்க்கை நிரப்ப மற்றவற்றை முழுசாகப் படிக்க வேண்டும். அந்தப் பளுவில்தான் இரண்டாவதும் விழும்.

2014 மலரின் ஸ்கேன்?

பிப்ரவரி 4
பேக்கப் இருக்கிறது! தினமும் இரவு 2 மணிக்கு க்ரான் என்ற தானியங்கிக் கட்டளை ஓடி, வேறு சர்வருக்குப் போன கோப்புகள். ஒரு நாள்கூட விடுபடவில்லை.

பிப்ரவரி 4, இரவு
ஒவ்வொன்றும் 20 பைட்.

பிப்ரவரி 5
ஒன்றுமே இல்லாததை ஜிஸிப் நிரல் சுருக்கினால் 20 பைட் வரும். தலைப்புக்கு 10, காலி உள்ளடக்கத்துக்கு 2, கடைசியில் சரிபார்ப்பு எண்ணும் நீளமும் 8.

டேட்டாபேஸ் கடவுச்சொல்லை மாற்றியபோது க்ரான் ஸ்கிரிப்டில் பழையதே இருந்துவிட்டது. டேட்டாபேஸை நகலெடுக்கும் மைஎஸ்க்யூஎல் டம்ப் வாசலிலேயே தோற்றுத் திரும்பியது. ஒரு நிரல் தருவதை அடுத்ததற்குக் கடத்தும் பைப்பின் மறுமுனையில் நின்ற ஜிஸிப் மட்டும் கையில் வந்த வெறுமையை ஒழுங்காகச் சுருக்கி, ‘முடிந்தது’ என்று சொல்லிவிட்டது. கட்டளைகளை ஓட்டும் ஷெல், பைப்பில் கடைசிக் கட்டளை சொல்வதைத்தான் கேட்கும். மேலே ‘பைப்ஃபெயில்’ என்று ஒரு வரி இருந்திருந்தால் முதல் நாளே தோல்வி என்று சொல்லியிருக்கும். டம்ப் முழுசாக வந்திருந்தால் கடைசி வரியில் ‘டம்ப் கம்ப்ளீட்டட்’ என்று தேதியோடு இருக்கும். அந்த வரி இருக்கிறதா என்று பார்க்க ஒரு க்ரெப் தேடல் போதும்.

2017 ஜனவரி 31-இல் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேபிலும் இதே கதைதான். சுமார் 300 ஜிபி அழிந்து 4.5 மிச்சம். டம்ப் எடுத்த நிரல் 9.2 பதிப்பு, டேட்டாபேஸ் 9.6, சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டே இருந்தது. எச்சரிக்கை மின்னஞ்சலையும் பெறுகிற சர்வர் தள்ளிவிட்டது. ஆறு மணி நேரம் முந்திய ஸ்னாப்ஷாட் ஒன்று அவர்களைக் காப்பாற்றியது. இங்கே அதுவும் கிடையாது.

பிப்ரவரி 7
பழைய லேப்டாப்பில் 2019 டம்ப் ஒன்று. 38 எம்பி. கடைசி வரி இருக்கிறது.

பிப்ரவரி 8
இறக்கிப் பார்த்தால் தமிழே இல்லை. தலையில் சாய்கோடு போட்ட சின்ன ‘ஏ’, வட்டத்துக்குள் ‘ஆர்’, பின்னால் ஏதோ ஒரு குறி. பக்கம் பக்கமாக இதேதான். பயப்பட ஒன்றுமில்லை. யூனிகோடின் யூடிஎஃப்8 வடிவத்தில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட். பழைய டேபிள் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 என்று அறிவிக்கப்பட்டிருந்ததால் மூன்றையும் தனித்தனி எழுத்தாக எண்ணி, டம்ப் எடுக்கும்போது மறுபடி யூனிகோடாக மாற்றியிருக்கிறது. இரட்டைக் குறியாக்கம்.

அப்படியே ஒரு தற்காலிக டேட்டாபேஸில் ஏற்றி, எழுத்துத் தொகுதியை லத்தீன்-1 என்று சொல்லி மறுபடி டம்ப் எடுக்க வேண்டும். அந்தக் கோப்பில் லத்தீன்-1 என்று வரும் அறிவிப்புகளை மட்டும் யூடிஎஃப்8எம்பி4 ஆக்கி, புதிதாக ஏற்றினால் தமிழ் வந்துவிடும். மூலக் கோப்பைத் தொடவே கூடாது, பிரதியில்தான் எல்லாம்.

பிப்ரவரி 11
2019-க்குப் பிந்தியதற்கு, இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின்தான். முகவரியில் வரும் 14 இலக்க நேரக்குறிக்குப் பின்னால் ‘ஐடி’யும் ஓர் அடிக்கோடும் சேர்த்தால், அவர்களுடைய மேல்பட்டை இல்லாமல் மூலப் பக்கம் அப்படியே கிடைக்கும். கோரிக்கைக்குக் கோரிக்கை ஐந்து விநாடி இடைவெளி. அவசரப்பட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள்.

முகவரிகளில்தான் தலைவலி. ஒரு தமிழ் எழுத்து முகவரியில் ஒன்பது குறியாக விரியும். தளத்தை நடத்தும் வேர்ட்பிரஸ் 200 குறிக்கு மேல் வெட்டிவிடும், அதாவது 22 எழுத்து. கொம்பும் புள்ளியும்கூடத் தனி எழுத்தாகக் கணக்கு. நீளத் தலைப்புள்ள தொடரில் அத்தியாய எண் இருக்கும் வால்தான் வெட்டுப்படுகிறது. 24 அத்தியாயமும் ஒரே முகவரி, பின்னால் 2, 3 என்று. அந்த எண்ணும் பதிவேற்றிய வரிசைதான், அத்தியாய வரிசை இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து படித்துத்தான் அடுக்க வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 12
எழுத்தெல்லாம் வருகிறது. படங்கள் வரவில்லை.

பிப்ரவரி 15
2002-ஆம் வருடப் பக்கங்கள். முதலில் இலவச வலைப்பக்கச் சேவையான ஜியோசிட்டீஸில் இருந்தவை. 2009 அக்டோபர் 26-இல் அதை மூடியபோது ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வக் குழு அள்ளிவைத்ததில் இவையும் இருக்கின்றன. எல்லாம் திஸ்கி, யூனிகோடு பரவுவதற்கு முன் இருந்த தமிழ்க் குறியாக்கம். குறியாக்கம் மாற்றும் ஐகான்வ் நிரலுக்குத் திஸ்கி தெரியும், ஒரே கட்டளையில் யூனிகோடாகிவிடுகிறது. திஸ்கியில் கொம்பு கண்ணுக்குத் தெரிகிறபடி எழுத்துக்கு முன்னால், யூனிகோடில் பின்னால். வெறுமனே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் ‘கொடி’ உடைந்து போகும். மாற்றும் முன் எடிட்டரில் திறந்து ‘சேமி’ மட்டும் அழுத்திவிடக் கூடாது, வேறு குறியாக்கத்தில் எழுதிவிடலாம்.

பிப்ரவரி 16
ஒரு மாதக் கட்டணம் தள்ளுபடியாம்.

பிப்ரவரி 19
புது ஏற்பாடு: வீட்டு டிஸ்க், வேறு நிறுவனத்தின் சர்வர், மாதம் ஒருமுறை கழற்றி வைக்கிற டிஸ்க். 2021 மார்ச் 10-இல் ஸ்ட்ராஸ்பர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, மூலமும் பேக்கப்பும் ஒரே வளாகத்தில் இருந்தவர்களுக்கு இரண்டும் போயின. கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்கில் ‘டெலீட்’ விருப்பம் போடவில்லை. போட்டால், மூலம் காலியானால் அந்தக் காலியையும் பக்தியோடு நகலெடுத்துவிடும். கோப்பு 30 எம்பிக்குக் குறைந்தால் கைபேசிக்குச் செய்தி. ஞாயிறுதோறும் காலி டேட்டாபேஸில் ஏற்றிப் பார்ப்பது.

பிப்ரவரி 20
41 எம்பி. மத்தியானமும் பார்த்தாயிற்று, 41தான்.

பிப்ரவரி 22
மலர், 64 பக்க ஸ்கேன். வேபேக்கில் 212க்கு 300 அளவுச் சிறு பிரதிகள்தான், படிக்க முடியாது. ஆனால் கோப்புப் பெயரின் வாலில் இருக்கும் அந்த அளவை அழித்துவிட்டுத் தேடினால் சிலவற்றுக்கு மூலமே கிடைக்கிறது. பக்கம் 9 கிடைத்தது. 10 இல்லை. 11, 12 கிடைத்தன, ஓரத்தில் யாரோ பென்சிலில் போட்ட கோடுகூடத் தெரிகிறது. 13 இல்லை.

பிப்ரவரி 23
31.