எம்.சி. வேணாம்மா

நேற்று சாயங்காலம் ஆறரை இருக்கும். ஒரு ஜாகா (காவலாளி) அங்கிள் வந்தார், அறுபதைத் தாண்டியவர். பத்து நாள் இருமல். டாக்டர் இரண்டு நாள் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, எழுதியிருந்தார். மருந்து கவுண்டருக்கு வந்தவர் அந்தச் சீட்டை என் பக்கம் தள்ளினார்.

"எம்.சி. வேணாம்மா. எடுத்தா அலவன்ஸ வெட்டிருவாங்க. மருந்து மட்டும் குடு."

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் பதினோரு வருஷமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். இந்தப் பேச்சைக் கேட்காத வாரமே இல்லை. கேட்கும்போதெல்லாம் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் ஞாபகம் வரும்.

ஈப்போ அரசாங்க ஆஸ்பத்திரியில் நுரையீரல் டாக்டராக இருந்தவர். சுங்கை சிப்புட்டில் மனைவி ராணி ராசையாவோடு சேர்ந்து தோட்டத்து ஜனங்களை ஒன்றுதிரட்டியவர். நெஞ்சு டாக்டருக்கு அரசியல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் தாத்தாவைக் காட்டத்தான் ஆசை. கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். லயத்து வீட்டில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) ஒரே அறை, ஏழு பேர், விறகுப் புகை. தோட்டத்து டிரசர் (மருந்து கொடுக்கும் உதவியாளர்) எந்த இருமலுக்கும் ஒரே சிவப்பு மிக்சர்தான் ஊற்றிக் கொடுப்பார். காசநோய் என்று தெரிந்தபோது முற்றிவிட்டது. மாத்திரையை ஆறு மாதம் விடாமல் கொடுக்க டாக்டரால் முடியும். அந்த அறைக்கு ஒரு ஜன்னல் வைக்க அவரால் முடியுமா?

1999 நாடாளுமன்றத் தேர்தலில் டாக்டர் சுங்கை சிப்புட்டில் நின்றார், தோற்றார். 2004இலும் தோற்றார். 2008இல், 1974 முதல் அந்தத் தொகுதியை வைத்திருந்த மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் சாமிவேலுவை 1,821 ஓட்டில் ஜெயித்தார். அன்றைக்கு ராத்திரி அப்பா டிவி முன்னால் எழுந்து நின்றுவிட்டார். உட்காரவே இல்லை.

2011 ஜூன் 25 அன்று, பினாங்கு நோக்கி வந்த அவருடைய மலேசிய சோசலிசக் கட்சிக்காரர்களை கெப்பாளா பத்தாஸ் பக்கம் பிடித்தார்கள். கம்யூனிசத்துக்கு மறுபடி உயிர் கொடுக்கப் பார்த்தார்கள் என்று போலீஸ் சொன்னது. பிறகு டாக்டரையும் இன்னும் ஐந்து பேரையும் அவசரகாலச் சட்டத்தில், விசாரணையே இல்லாமல், ஜூலை 29 வரை வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து அவர்களைப் பிடித்த இடம் அரை மணி நேரம்கூட இல்லை. இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் மனசு கனத்துவிடும்.

அவர் கட்சி வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் வந்தது, தீபகற்பத்தில் 900 ரிங்கிட். அந்த வருஷம் மறுபடியும் ஜெயித்தார். 2018இல் கட்சியின் சொந்தச் சின்னத்தில் நின்று தோற்றார். நாடே ஆட்சி மாற்றத்தைக் கொண்டாடியது, எனக்கு அவர் தோற்றது ஆறவில்லை. எவ்வளவு ஓட்டு வாங்கினார் என்பதை வைத்து அவரை அளப்பவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது.

அங்கிளிடம் நான் வாதாடவில்லை. இருமல் மருந்தை உறையில் போட்டு, எம்.சி. சீட்டையும் மடித்து உள்ளே வைத்தேன். வாசலில் நின்று உறையைப் பிரித்துப் பார்த்தார். சீட்டைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு, ஏழு மணி ஷிப்டுக்கு மோட்டாரைக் கிளப்பினார்.