சைக்கிளும் தபாலும்

மார்ச் 18, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் இருந்து முடிவுத் தபால் வரவில்லை. பீட்சாக் கடை விளம்பரம் மட்டும்.

மார்ச் 19, புதன்

ட்வீட் ரன் ரிக்கெற் கிடைத்துவிட்டது! தங்கச்சிக்குப் போன் அடித்துச் சொன்னேன். "உனக்கென்ன விசரா அக்கா, இந்த நிலைமையிலயா?" என்றாள். இந்த நிலைமையில்தான். கதவில் இருக்கிற தபால் ஓட்டையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் குந்தியிருப்பதைவிட, தொப்பி போட்டுக்கொண்டு லண்டன் நடுவில் சைக்கிள் ஓடலாம்.

அவள் பந்தயம் என்று நினைத்துவிட்டாள். பந்தயம் இல்லை. 2009 ஜனவரியில் தொடங்கிய கூத்து இது. ட்வீட் என்கிற முரட்டுக் கம்பளியில் பழங்காலத்துக் கோட்டு, முழங்காலோடு நிற்கிற காற்சட்டை, ரை, தொப்பி என்று வடிவாக உடுத்துக்கொண்டு, பழைய சைக்கிள்களில் ஆறுதலாக ஊரைச் சுற்றுவார்கள். இடையில் நிறுத்தித் தேத்தண்ணி. நல்ல மீசைக்குப் பரிசுகூட உண்டு. உடம்போடு ஒட்டுகிற லைக்ரா மட்டும் ஆகாது.

மார்ச் 22, சனி

தேவாலய மண்டபத்துக்குப் பின்னால் சனிக்கிழமைப் பட்டறை. காசு கேட்க மாட்டார்கள், விரும்பினால் டப்பாவில் போடலாம். என்ரை றலிச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தோம். பின் ஹப்பில், அதுதான் சில்லின் நடு உருளையில், ஒயிலும் தூசியும் தார் மாதிரி இறுகிக் கிடந்தன. துணியால் துடைக்கத் துடைக்க எழுத்து வெளிவந்தது. ஸ்ரேமி ஆச்சர், ஏ.டபிள்யூ, உள்ளே மூன்று கியர் வைத்த ஹப். பக்கத்தில் 68, அப்புறம் 4. 1968 ஏப்ரலில் செய்த ஹப். வருசத்தையும் மாதத்தையும் உலோகத்திலேயே குத்தி அனுப்பியிருக்கிறார்கள். என்னைவிட இரண்டு வயது மூப்பு.

எனக்குச் சொல்லித் தந்தவர் எழுபது தாண்டிய மனிசன், நொட்டிங்ஹாமில் வளர்ந்தவர். றலி சைக்கிள் அங்கே செய்வது 2002இல் நின்றதைச் சொல்லும்போது சொந்தக்காரர் செத்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். கியர் சரிபார்க்கிற விதம்: இரண்டாம் கியரில் வைத்து, அச்சு நட்டில் இருக்கிற சின்ன ஓட்டைக்குள்ளே பார்க்க வேண்டும். உள்ளே இருக்கிற கம்பியின் தோள் அச்சு முனையோடு மட்டமாக நின்றால் சரி. பிசகினால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் பெடல் பிடிமானமில்லாமல் சுற்றும், எழும்பி நின்று மிதிக்கிறவர் விழுந்துதான் எழும்ப வேண்டும்.

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கனநேரம் அந்த ஓட்டைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

இடது கையால் பின் பிரேக்கை அழுத்தினால் உடம்பின் பக்கவாட்டில் இழுக்கிறது. கம்பிப் பிரேக், அதற்கு முரட்டுப் பிடி வேண்டும். ஒட்டுப் போட்ட இடம் ஊதாவாக இருக்கிறது. பார்க்காமல் விட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

தபால் இல்லை.

ஆனால் கோட்டு அகப்பட்டது. தருமக் கடையில், ஆம்பிளைகள் பக்கத்தில் தொங்கியது. பாசிப்பச்சையில் மெல்லிய செம்மஞ்சள் கோடு. உள்ளே உருண்டையும் சிலுவையும் போட்ட லேபிள், ஹரிஸ் ட்வீட். 1993இல் இதற்கென்றே பாராளுமன்றத்தில் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஸ்கொட்லாந்தின் மேற்குத் தீவுகளில், நெய்கிறவரின் வீட்டிலேயே, கையால் நெய்தால்தான் அந்தப் பெயர் வைக்கலாம். கையால் என்கிறார்களே தவிர, இப்போதைய தறிகளில் கனக்க சைக்கிள் மாதிரிப் பெடல் மிதித்தே ஓட்டுகிறவை. ஒரு கிழவர் கொட்டிலுக்குள் இருந்து மிதி மிதியென்று மிதித்து, ஒரு அங்குலமும் நகராமல், எனக்குத் துணி நெய்திருக்கிறார். இதை நினைத்துத் தனியே இருந்து சிரித்தேன்.

தோள் பெரிது. இடது பக்க உள்துணியைப் பிரித்துத் தளர்த்த வேண்டும், உராயக் கூடாது.

மார்ச் 28, வெள்ளி

மாதக் கடைசி வெள்ளி. வோட்டர்லூ பாலத்துக்குக் கீழே, தேசிய நாடக அரங்குக்குப் பக்கத்தில். தங்கச்சிக்குச் சொல்லவில்லை.

கிரிட்டிக்கல் மாஸ் என்கிற இந்தச் சைக்கிள் ஊர்வலம் 1992இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கி, 1994இல் இங்கே வந்தது. தலைவர் கிடையாது, வழியும் கிடையாது. முன்னுக்குப் போகிறவர் திரும்புகிற பக்கம் எல்லாரும் திரும்புவோம். வழக்கமாக நடக்கிற ஊர்வலத்துக்குப் பொலிசுக்கு முன்னறிவிக்கத் தேவையில்லை என்று 2008இல் பிரபுக்கள் சபை நீதிபதிகளே தீர்த்துவிட்டார்கள்.

ஏழு மணிவாக்கில் மணிகள் அடிக்கத் தொடங்கின. எல்லாவிதச் சைக்கிளும் வந்திருந்தது. மடித்துக் கையில் தூக்கிப் போகிற பிறம்ப்டன், பிள்ளைகளை முன் பெட்டியில் ஏற்றிய சரக்குச் சைக்கிள், முன் சில்லைத் தூக்கி ஒற்றைச் சில்லில் ஓடுகிற பொடியன்கள். ஒருவர் பின்னால் ஒலிபெருக்கியை இழுத்துக்கொண்டு வந்தார், தாளம் நெஞ்சுக்குள் இடித்தது. குதிக்கால் செருப்போடு ஒரு பெட்டை, மஞ்சள் கோட்டு, உதட்டுச் சாயம் கலையாமல், என்ன நிதானம்! சந்திகளில் இரண்டு மூன்று பேர் சைக்கிளைக் குறுக்கே நிறுத்திக் கார்களை மறித்தார்கள். ஒரு வான்காரர் தூசணத்தால் பேசினார். மறித்து நின்ற பொடியன் அவரிடம் காலநிலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தான்.

அந்த மறிப்பை எனக்கு முழுக்கப் பிடிக்கவில்லை, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற சனம் பாவம். ஆனாலும் வெஸ்ட்மின்ஸ்ரர் பாலத்தில் வழி முழுக்க எங்களுக்கென்று கிடைத்தபோது கையை விடவேண்டும் போல இருந்தது. விடவில்லை. மூன்றாம் கியரில் ஹப் டிக் டிக்கென்று நல்லாகப் பேசியது.

மார்ச் 29, சனி

உடம்பு முழுக்க நோ. கவலையில்லை.

மார்ச் 30, ஞாயிறு

மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியாயிற்று. ஞாயிறு தபாலும் இல்லை. நிம்மதியான நாள்.

ஏப்ரல் 2, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தேன். இருபது நிமிசம் பாட்டுக் கேட்க வைத்தார்கள். "கடிதம் தயாராகிறது" என்றாள் ஒருத்தி. தயாராகிறது என்றால் என்ன? சமைக்கிறார்களா? என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்குத் தனக்குப் பார்க்க அனுமதி இல்லையாம். நல்லது பிள்ளை என்று சொல்லி வைத்தேன். பிறகு ஸ்போக் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். துடைக்கத் தேவையில்லாத ஸ்போக்.

ஏப்ரல் 5, சனி

ட்வீட் ரன்னுக்குக் காற்சட்டையா பாவாடையா என்பதில் இரண்டு நாள் போய்விட்டது.

1898இல் ஹார்பர்ட்டன் சீமாட்டி சைக்கிளில் சறே பக்கம் போய், ஒக்கம் என்கிற ஊரில் ஹோட்போய் ஹோட்டலுக்குச் சாப்பிடப் போனார். பாவாடைக்குப் பதில் தொளதொளவென்ற காற்சட்டை உடுத்திருந்தார். அந்த உடுப்போடு உள்ளே இருத்தமாட்டேன், வேண்டுமென்றால் ஆம்பிளைகள் குடிக்கிற அறையில் இரு என்று ஹோட்டல்காரி சொல்லிவிட்டாள். சைக்கிள்காரர் சங்கம் வழக்குப் போட்டது. அடுத்த வருசம் தோற்றது. வேறு அறை கொடுத்தாளே, அது மறுத்தது ஆகாது என்று தீர்ப்பு.

எங்கள் ஊரில் நாங்கள் பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ரியூசனுக்கு ஓடினோம். அப்பாவின் ஆம்பிளைச் சைக்கிளில் பாருக்குக் கீழே காலை விட்டு ஓடிப் பழகினதுதான் நான். இங்கே சீமாட்டிக்கு வழக்கு, யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் எனக்கு அம்மம்மாவின் ஏச்சு.

முடிவு: காற்சட்டை. மகளின் பழைய கம்பளிக் காற்சட்டையை முழங்காலுக்குக் கீழே வெட்டி, பட்டி வைத்துத் தைக்கலாம்.

ஏப்ரல் 9, புதன்

இல்லை.

ஏப்ரல் 12, சனி

பட்டறைக்காரர் ஒரு பழைய டைனமோ கொண்டுவந்து தந்தார். போத்தல் மாதிரியானது, ரயரின் ஓரத்தில் உரசிச் சுற்றும். லைற் பூட்டி, சில்லைத் தூக்கிக் கையால் சுற்றினேன், மஞ்சளாக எரிந்தது. அவருக்கு இது அலங்காரம். தொண்ணூறுகளில் எங்கள் ஊரில் மின்சாரமும் இல்லை, பற்றறியும் இல்லை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வயர் இழுத்து றேடியோ கேட்போம். செய்தி முடியுமட்டும் சுற்ற வேண்டும். கை ஓய்ந்தால் வாசிக்கிறவரின் குரலும் தேய்ந்துபோகும். என்ரை முறையில்தான் எப்போதும் முக்கியமான செய்தி வரும், மற்றவர்கள் "சுத்து சுத்து" என்று கத்துவார்கள்.

அவருக்கு இதைச் சொன்னேன். எத்தனை வோல்ட் என்று கேட்டார். ஆறு. "அப்ப சரி," என்பதுபோலத் தலையாட்டினார். வேறு கேட்கவில்லை, அது எனக்குப் பிடித்தது.

ஏப்ரல் 14, திங்கள்

வருசப்பிறப்பு. கோயிலுக்குப் போனோம். கைவிசேடம் தந்தபோது தங்கச்சி என்ரை கையை விடவேயில்லை. எரிச்சலாக இருந்தது, பிறகு இல்லை.

ஏப்ரல் 17, வியாழன்

வந்தது.

24ஆம் திகதி, காலை 9.40. முடிவு பற்றி ஒரு சொல்லும் இல்லை. கடைசியில் ஒரு வரி: விரும்பினால் ஒருவரை உடன் அழைத்து வரலாம்.

இந்த வரி எல்லாருக்கும் போடுகிற வரிதானே? அச்சடித்து வைத்த கடிதத்தில் பெயரையும் திகதியையும் மட்டும்தானே மாற்றுவார்கள்? நல்ல செய்தி என்றால் போனிலேயே சொல்லிவிடுவார்கள் என்று மகள் சொல்லவில்லை, ஆனால் சொல்ல வந்து நிறுத்தினாள், எனக்குக் கேட்டது. நல்ல செய்தி என்றாலும் நேரில்தான் சொல்வார்கள் என்று வேலையிடத்து மனிசி ஒருத்தி சொல்கிறாள். அவளுக்கு அப்படித்தானாம். அவளுக்கு அது எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. விரும்பினால் என்றால்? விரும்பாவிட்டால் தனியே வரலாம், அப்போ அவ்வளவு மோசமில்லை. மோசமென்றால் கட்டாயம் அழைத்து வா என்றல்லவா எழுதுவார்கள்?

கடிதத்தை லாச்சிக்குள் வைத்தேன். எடுத்தேன். இப்போது தையல் பெட்டிக்கு அடியில்.

ஏப்ரல் 19, சனி

கோட்டு, காற்சட்டை, தொப்பி எல்லாம் போட்டு ஒரு சுற்று. எம்பாங்க்மென்ற் பக்கம், ஆற்றோரச் சைக்கிள் பாதையில். இரண்டில் இருந்து மூன்றுக்குத் தட்டினேன், வழுக்கவில்லை, கச்சிதமாக விழுந்தது. சிக்னலில் நின்றபோது ஒரு சின்னப் பெட்டை தாயிடம், "அந்த அன்ரி படத்தில இருந்து வந்தவவா?" என்று இங்கிலீசில் கேட்டாள். நான் மணி அடித்துக் காட்டினேன்.

இடது பக்க உள்துணி இன்னும் கொஞ்சம் பிரிக்க வேண்டும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

தங்கச்சி லீவு எடுத்துவிட்டாள், காரில் கூட்டிப்போகிறாளாம். அந்த ஆஸ்பத்திரியில் காலையில் பார்க்கிங் கிடைக்காது, நாங்கள் சுற்றிச் சுற்றிச் சண்டைதான் பிடிப்போம். சைக்கிள் பூட்டுகிற இடம் பின் வாசலில் இருக்கிறது, இன்றைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், கூரையும் உண்டு. அவள் பஸ்ஸில் வரட்டும், நான் வாசலில் நிற்பேன் என்று சொல்லப்போகிறேன். சரியென்று சொல்லமாட்டாள். நாளைக்குப் பின் ரயருக்குக் காற்று அடிக்க வேண்டும், பம்பு மகளிடம் இருக்கிறது.