குகைக்குள் சிப்பாய்கள் சொல்லாமல் விடுவது

உடம்பு நன்றாகத் தேறிய, சொன்னதைக் கேட்டுப் பழகிய சிப்பாய்களைக் குகைக்குள் கூட்டிக்கொண்டு போவது சுலபமான வேலை என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவம் அதற்கு நேர் எதிர். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் குளிரெடுத்தால் "குளிருது, போகலாம்" என்று சொல்லிவிடும், பயம் வந்தால் அழும், கால் வலித்தால் அங்கேயே உட்கார்ந்துவிடும். கூட்டிப் போனவருக்கு அடுத்து என்ன செய்வது என்று உடனே தெரிந்துவிடும். சிப்பாய் அப்படியில்லை. உதடு நீலம் பாரித்து, விரல் மரத்து, காராபைனர் என்ற கயிற்றுக் கொக்கியின் திருகைத் திருப்ப முடியாமல் நிற்கும்போதும் "நல்லா இருக்கேன், கார்ப்பரல்" என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலைச் சொல்லத்தான் ராணுவம் அவரைப் பழக்கியிருக்கிறது. வெளியே அது நல்ல குணம். தரைக்கு அடியில் அதுதான் எனக்குப் பெரிய கவலை.

பிரிட்டிஷ் ராணுவத்தில் அட்வென்ச்சரஸ் டிரெய்னிங் என்று ஒன்று உண்டு, எல்லோரும் ஏ.டி. என்பார்கள். மலையேற்றம், கயாக்கிங், பனிச்சறுக்கு, பாய்மரப் படகு, ஆழ்நீர் டைவிங் எல்லாம் அதில் வரும், கேவிங் என்கிற குகைப் பயணமும் வரும். முப்படைகளுக்கும் பொதுவான ஜே.எஸ்.பி. 419 என்ற விதித்தொகுப்பின் கீழ் இவை நடக்கின்றன. இது விளையாட்டு இல்லை, போர்ப் பயிற்சியும் இல்லை. நிஜமான பயத்தை, கட்டுக்குள் இருக்கும் அளவில், வேலை நேரத்திலேயே ஒரு சிப்பாய் சந்திக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அந்த நோக்கத்துக்குக் குகையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. மலையில் பயந்தால் கீழே பள்ளத்தாக்கு தெரியும், தூரத்தில் வண்டி நிற்பது தெரியும். குகையில் தலைவிளக்கின் வெளிச்சம் விழும் இடம் மட்டும்தான் உலகம்.

நான் அதிகம் வேலை செய்தது வட இங்கிலாந்தில் இருக்கும் யார்க்‌ஷயர் டேல்ஸ் சுண்ணாம்புக்கல் பகுதியில். புதியவர்களை முதலில் அழைத்துப் போகும் குகைகளில் ஒன்று செல்சைடுக்குப் பக்கத்தில் இருக்கும் லாங் சர்ன். உள்ளே ஓடை ஓடும், முழங்கால் அளவுத் தண்ணீரில் நடக்க வேண்டும், கோடையோ குளிர்காலமோ உள்ளே வெப்பநிலை 8, 9 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதில் சீஸ் பிரஸ் என்று ஒரு இடம். கூரையும் தரையும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டிருக்கும் அகலமான இடுக்கு, மார்பைத் தரையில் அழுத்தி, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, மூச்சை வெளியே விட்டு நகர வேண்டும். பக்கத்திலேயே சுற்றிப் போக வழி இருக்கிறது, அதனால் யாரும் அதில் நுழைந்தே ஆக வேண்டும் என்பதில்லை. இதை நான் முன்கூட்டியே தெளிவாகச் சொல்வேன். சொல்லியும், பிடிக்காதவர்கள் உட்பட எல்லோரும் வரிசையாக நுழைவார்கள், ஏனென்றால் முன்னால் போனவர் நுழைந்துவிட்டார்.

அப்படி நுழைகிறவர்களில் யார் உண்மையிலேயே ரசிக்கிறார், யார் பல்லைக் கடித்துக்கொண்டு போகிறார் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. "சரியா இருக்கீங்களா?" என்று கேட்டால் பயனில்லை, ஆமாம் என்ற பதில் கேள்வி முடிவதற்கு முன்பே வந்துவிடும். ஆமாம் இல்லை என்று பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்க வேண்டும். நாம் வந்த வழியில் கடைசியாக எந்தப் பக்கம் திரும்பினோம்? மதியம் என்ன சாப்பிட்டீர்கள்? இப்போது உடம்பில் எந்த இடம் அதிகம் குளிர்கிறது? கடைசிக் கேள்வி எனக்கு மிகவும் உதவியது, குளிர்கிறதா என்று கேட்காமல் எங்கே குளிர்கிறது என்று கேட்டால், அது ஒப்புக்கொள்வதாகத் தோன்றாது, தகவல் சொல்வதாகத் தோன்றும், தகவல் சொல்லச் சிப்பாய்கள் தயங்குவதில்லை.

உடல் வெப்பம் குறைவதன் முதல் அடையாளங்கள் மிகச் சாதாரணமாக இருக்கும். கிண்டலடித்துக்கொண்டு வந்தவர் பேச்சை நிறுத்துவார். சமதரையில் கால் இடறும். பொறுமைசாலி எரிந்து விழுவார். கையுறையைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போட மறந்துவிடுவார். பெரிய நடுக்கம் வந்த பிறகு கவனிப்பது தாமதம். அதனால் உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே ஒவ்வொருவரும் வழக்கமாக எப்படிப் பேசுகிறார், எப்படி நடக்கிறார் என்று மனதில் குறித்து வைத்துக்கொள்வேன். பிறகு மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். வரிசையின் கடைசியில் விரும்பிப் போய் நிற்கிற அமைதியான ஆளை எனக்கு அடுத்த இடத்துக்கு மாற்றிவிடுவேன், காரணம் சொல்லாமல், "நீங்க இந்தப் பையைப் பிடிங்க" என்று ஒரு வேலையைக் கொடுத்து.

அப்புறம் பதவி விஷயம். குகைக்குள் எல்லோருக்கும் ஒரே ஹெல்மெட், ஒரே மாதிரிச் சேறு அப்பிய மேலுடை, தோளில் பட்டை கிடையாது. அங்கே பொறுப்பு தகுதி பெற்ற லீடருடையது, அவர் கார்ப்பரலாக இருந்து குழுவில் மேஜர் இருந்தாலும் அப்படித்தான். காகிதத்தில் இது எளிது. ஆனால் வருடக்கணக்காக "சார்" என்று சொன்ன வாய், தரைக்கு அடியில் போனதும் "இங்கே நில்லுங்க, நான் சொல்லும் வரை நகராதீங்க" என்று அதே ஆளிடம் சொல்லப் பழக வேண்டும். இளம் லீடர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான், கயிற்றில் இல்லை.

ஒரு முறை ஒரு மேஜர் தன் ஆட்களுடன் வந்திருந்தார். குகைக்குப் போகும் பாதையில் அவரைத் தனியாக அழைத்து, "சார், உங்களுக்குப் பிடிக்காத இடம் எது வந்தாலும் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்க, அது எனக்குப் பெரிய உதவி" என்று கேட்டுக்கொண்டேன். சீஸ் பிரஸ் முன்னால் வந்ததும் அவர் குனிந்து பார்த்துவிட்டு, "எனக்கு இது வேண்டாம், நான் சுற்றி வர்றேன்" என்றார், சத்தமாகவே. அவருக்கு உண்மையிலேயே பிடிக்கவில்லையா, நான் கேட்டதற்காகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அதன் பிறகு ஒருவர் முழங்கால் வலி என்றார், இன்னொருவர் லிஃப்டில் ஏறவே பிடிக்காது என்றார், காலையிலிருந்து வாயே திறக்காத ஒரு பெண் சிப்பாய் தன் பூட்ஸுக்குள் தண்ணீர் நிறைந்து கால் மரத்துவிட்டது என்றார். அந்தக் குழுவை மீதி நேரம் வழிநடத்துவது எனக்கு ரொம்ப இலகுவாக இருந்தது. அதிலிருந்து, குழுவில் பதவியில் மூத்தவர் யாரோ அவரிடம் முன்கூட்டியே இப்படிக் கேட்டுக்கொள்வதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

லீடர் தகுதிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் படைகளுக்கு வெளியே இருக்கும் பொதுமக்களுக்கான தகுதிகளை பிரிட்டிஷ் கேவிங் அசோசியேஷன் நடத்துகிறது. நான் உள்ளே வந்த காலத்தில் லோக்கல் கேவ் அண்ட் மைன் லீடர் என்ற பெயரில் இரண்டு நிலைகள். முதல் நிலை, கயிற்றில் தொங்கி இறங்க வேண்டிய குழிகள் இல்லாத குகைகளுக்கு. இரண்டாம் நிலை, 18 மீட்டர் வரையிலான குழிகள் உள்ளவற்றுக்கு. அதற்கும் மேலே கேவ் இன்ஸ்ட்ரக்டர் சான்றிதழ். படைகளுக்குள்ளும் அடிப்படைப் பயிற்சியில் தொடங்கி லீடர், இன்ஸ்ட்ரக்டர் என்று போகும் படிகள் உண்டு. எந்தப் பக்கமாகப் போனாலும் முதலில் கேட்கப்படுவது முதலுதவிச் சான்றும், எந்தெந்தக் குகைக்குப் போனோம் என்று எழுதி வைக்கும் லாக் புக்கும்.

இந்த லாக் புக் விஷயத்தில்தான் ராணுவப் பழக்கம் இடிக்கிறது. நமக்கு எல்லாமே கோர்ஸ்தான். ஒரு வாரம் போ, தேர்ச்சி பெறு, கோப்பில் ஏற்று, அடுத்த கோர்ஸ். குகைக்கு அது போதாது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், சமமான அனுபவம் உள்ள நண்பர்களோடு பல குகைகளில் ஊர்ந்து, வழி தவறி, திரும்பி வந்து, ஒரே குகையை வறண்ட நாளிலும் மழைக்கு மறுநாளும் பார்த்து வந்தால்தான் ஒருவருக்கு அந்த இடத்தைப் பற்றிய அறிவு உடம்பில் சேர்கிறது. லீடர் தகுதி குறிப்பிட்ட பகுதியை ஒட்டியே வழங்கப்படுவதும் இதனால்தான். டேல்ஸில் தேர்ச்சி பெற்றதால் மட்டும் தெற்கு வேல்ஸ் குகைக்குள் புதியவர்களைக் கூட்டிக்கொண்டு போக முடியாது, அந்த ஊர்க் குகைகளை அறிந்திருப்பதையும் காட்ட வேண்டும். பயிற்சி முடித்தவரை எங்கு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று பழகிய அதிகாரிகளுக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்கு இது முழுக்கச் சரியாகவே படுகிறது.

தேர்வுக்குத் தயாராகிற இளைஞர்களின் கண் எப்போதும் கேப்பிங் கில் மீதுதான். சுமார் 98 மீட்டர் செங்குத்தான குழி, 1895-இல் எடுவார் மார்ட்டெல் என்ற பிரெஞ்சுக்காரர் கயிற்றேணியில் முதன்முதலாக இறங்கிய இடம். அதில் இறங்கும் ஆசை எனக்குப் புரிகிறது, நானும் இறங்கியிருக்கிறேன், குழியின் அடியில் இருக்கும் பெரிய கூடத்தின் தரையில் நின்று மேலே பார்த்த நிமிடத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் முதல் நிலை லீடராக உங்களை மதிப்பிடும் நாளில் நீங்கள் நிற்பது முழங்கால் தண்ணீரில், புதியவர்கள் சிலரோடு, சின்னக் குகை ஒன்றில். வழுக்கும் ஒரு மீட்டர் மேட்டில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், ஒருவர் ஏறும்போது மற்றவர்கள் எங்கே காத்திருக்கிறார்கள், காத்திருப்பவர்கள் தண்ணீருக்கு வெளியே இருக்கிறார்களா, தூரத்தில் இருப்பவரின் முகத்தை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள். மதிப்பீட்டாளரின் பார்வை இதில்தான் இருக்கும். முடிச்சுப் போடத் தெரியாதவர் அதுவரை வந்திருக்கவே மாட்டார்.

வெள்ளத்தைப் பற்றிப் பேசாமல் கேவிங் பற்றிப் பேச முடியாது. 1967 ஜூன் 24 அன்று டேல்ஸின் மாஸ்டேல் குகையில் திடீர் வெள்ளத்தில் ஆறு இளம் கேவர்கள் இறந்தார்கள், பிரிட்டிஷ் கேவிங் வரலாற்றில் அதைவிடப் பெரிய துயரம் இல்லை. அவர்களின் உடல்கள் இன்றும் அந்தக் குகைக்குள்ளேயே இருக்கின்றன. சுண்ணாம்புக்கல் மேட்டில் பெய்கிற மழை குகைக்குள் எவ்வளவு வேகமாக வந்து சேரும் என்பது அந்தந்தக் குகையைப் பொறுத்தது, சிலவற்றில் உங்களுக்கு அவகாசமே இருக்காது. புதிய லீடர்களிடம் உள்ளே நுழைந்ததும் கூரையைப் பார்க்கச் சொல்வேன். தலைக்கு மேலே புல்லும் கரித்தூள் போன்ற பீட் மண்ணும் ஒட்டியிருந்தால், சுவரில் காய்ந்த நுரை இருந்தால், தண்ணீர் அந்த உயரம் வரை வந்திருக்கிறது என்று அர்த்தம். வானிலையைப் பார்த்துவிட்டு, எந்தக் குகைக்குப் போகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்குள் வராவிட்டால் மீட்புக் குழுவை அழைக்க வேண்டும் என்று மேலே ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். டேல்ஸில் அந்த அழைப்புக்கு வருகிறவர்கள் 1935-இல் தொடங்கப்பட்ட கேவ் ரெஸ்க்யூ ஆர்கனைசேஷனின் தன்னார்வலர்கள்.

திட்டமிட்ட குகையை வாசலிலேயே விட்டுத் திரும்புவது சிப்பாய்களுக்குக் கசப்பான மருந்து. தூரத்திலிருந்து வந்திருப்பார்கள், அனுமதி கிடைத்தது அந்த ஒரு வாரம், உபகரணம் எல்லாம் இறக்கியாயிற்று, ஓடை கொஞ்சம்தான் கலங்கியிருக்கிறது. அந்த நேரத்தில் "இன்னைக்கு இது இல்லை" என்று சொல்லிவிட்டு, மேட்டில் இருக்கும் வறண்ட குகை ஒன்றை மாற்றாகக் கையில் வைத்திருப்பவரே லீடர். மாற்றுத் திட்டம் இல்லாதவருக்குத் திரும்பிவிடத் துணிவு வருவது கடினம், அதனால் மாற்று என்ன என்று முந்தின இரவே எழுதித் தரச் சொல்வேன்.

வெள்ளம் வந்தே விட்டால் என்ன செய்வது என்பதற்கு, சீருடைக்காரர்களிடம் நான் எப்போதும் எடுத்துச் சொல்வது 2004 மார்ச் மாதம் மெக்சிகோவில் நடந்தது. குயெட்சாலான் என்ற ஊருக்கு அருகே, பிரிட்டிஷ் படைகளின் கேவிங் சங்கத்தைச் சேர்ந்த பயணக் குழு ஒன்று சென்றிருந்தது. மழையில் தண்ணீர் ஏறி ஆறு பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள், ஒரு வாரத்துக்கும் மேல். கடைசியில் ரிக் ஸ்டாண்டன், ஜேசன் மாலின்சன் என்ற இரண்டு பிரிட்டிஷ் குகை டைவர்கள் போய் நீருக்கடியில் ஒவ்வொருவராக வெளியே கொண்டுவந்தார்கள். சுற்றுலா விசாவில் வந்த ராணுவத்தினர் அங்கே என்ன செய்தார்கள் என்று மெக்சிகோ அரசு விளக்கம் கேட்டது, செய்தித்தாள்கள் அந்தச் சச்சரவையே பெரிதாக எழுதின. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. வெள்ளம் வரலாம் என்று எதிர்பார்த்து உள்ளே உணவோடு ஒரு முகாமைத் தயாராக வைத்திருந்தார்கள், மாட்டிக்கொண்டதும் அங்கே காத்திருந்தார்கள். ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று பழக்கப்பட்ட ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய கட்டுப்பாடு என்பது ராணுவத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

தொடர்ந்து இந்த வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்று. சுண்ணாம்புக்கல் குகைகளில் கதிரியக்கம் உள்ள ரேடான் வாயு சேர்கிறது. எப்போதாவது போகிறவருக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் வேலையாகப் போகிறவரின் அளவைக் கணக்கு வைப்பது வேலை கொடுப்பவரின் சட்டப் பொறுப்பு. எத்தனை மணி நேரம் எந்தக் குகையில் இருந்தீர்கள் என்று நீங்களும் எழுதி வையுங்கள்.

படைகளில் தகுதியுள்ள கேவிங் லீடர்கள் நிலைத்து நிற்பது கடினம் என்பது என் நீண்ட நாள் ஆதங்கம். தேர்ச்சி பெற்ற கையோடு பணியிட மாற்றம் வரும், போகும் இடத்தில் சுண்ணாம்புக்கல்லே இருக்காது, சில வருடங்களுக்கு ஒரு முறை தகுதியைப் புதுப்பிக்க வேண்டும், அதற்குள் லாக் புக் காலியாகக் கிடக்கும். இதற்குக் கோர்ஸ்களை அதிகமாக்குவது தீர்வு இல்லை. யூனிட் தலைவர்கள் வருடத்தில் சில வெள்ளிக்கிழமை மதியங்களை விட்டுக்கொடுத்தால் போதும். சிப்பாய்களுக்கும் ஒரு வேண்டுகோள், ராணுவக் குழுவை மட்டும் நம்பாமல் பொதுமக்களின் கேவிங் கிளப் ஒன்றில் சேர்ந்துவிடுங்கள். டேல்ஸ், மெண்டிப், வேல்ஸ் பக்கமெல்லாம் கிளப்புகளுக்குச் சொந்தக் குடில்கள் இருக்கின்றன, வார இறுதியில் போனால் அந்தக் குகைகளைப் பல வருடங்களாகச் சுற்றியவர்கள் வந்து தங்கியிருப்பார்கள். உங்கள் பதவி என்ன என்று அவர்கள் கேட்க மாட்டார்கள். குளிர்ந்தால் குளிர்கிறது என்று சத்தமாகச் சொல்வார்கள், நீங்களும் சொல்லலாம்.