இரண்டு பாகை

2024 நவம்பர் 27, புதன்

தூக்கம் கெட்டு மூன்று வாரம் ஆகிறது. எத்தனை மணிக்குப் படுத்தேன், எத்தனை மணிக்கு விழித்தேன், விழித்ததும் என்ன நினைத்தேன் என்று தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். முதல் இரண்டுக்கும் ஒரு வரி போதும். மூன்றாவதற்காகத்தான் இந்த நோட்டு.

படுத்தது 10.15. விழித்தது 2.40. நினைத்தது: நான் செத்த மறுநாளும் ஆண்ட்ரோமெடா அங்கேயே இருக்கும்.

இது எனக்குப் புதிய செய்தி அல்ல. முப்பது ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவள் நான். ஆண்ட்ரோமெடா விண்மீன் திரள் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது என்று எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதி, மணி அடித்ததும் அழித்துவிட்டு வந்திருக்கிறேன். பகலில் அது ஓர் எண். இரவு 2.40-க்கு அதே எண் மார்பின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

இன்றைய செய்தியில் வாயேஜர்-1 பற்றி வந்திருந்தது. 1977-இல் கிளம்பிய விண்கலம். இப்போது ஏறக்குறைய 2,500 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் போய்க்கொண்டிருக்கிறது. அக்டோபரில் ஒரு சூடேற்றியை இயக்கச் சொல்லிக் கட்டளை அனுப்பியிருக்கிறார்கள். மின்சாரம் போதாது என்று அது தானே கணக்குப் போட்டு, தன் முக்கிய டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டது. அணைத்ததோடு நிற்காமல், 1981-க்குப் பிறகு தொட்டே பார்க்காத இன்னொரு டிரான்ஸ்மிட்டரை எடுத்து, மிகச் சன்னமான குரலில் பேசத் தொடங்கியிருக்கிறது. அவ்வளவு மெல்லிய குரல் இங்கே கேட்குமா என்பதே பொறியாளர்களுக்கு நிச்சயமில்லை. ஆனாலும் தேடிப் பிடித்துவிட்டார்கள். இப்போது எல்லாம் பழையபடி நடக்கிறதாம்.

அந்தக் குரலைத் தேடி இராத்திரியில் கண் விழித்திருந்தவர்களுக்கும் தூக்கம் கெட்டிருக்கும். ஆனால் அவர்களுடைய தூக்கம் ஒரு காரியத்துக்காகக் கெட்டது.

நவம்பர் 29, வெள்ளி

படுத்தது 10. விழித்தது 1.50.

என் நிலைமை அறிந்த ஒருவர் காணொளி ஒன்று அனுப்பியிருந்தார். நம் ரத்தத்தில் உள்ள இரும்பும் எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் நட்சத்திரங்களில் உருவானவை, ஆகவே நாம் தனியாக இல்லை என்று உருக்கமான இசையோடு சொல்கிறது. அறிவியல் சரிதான். ஆனால் அந்த ‘ஆகவே’ எனக்கு ஒட்டவில்லை. எதிரே இருக்கும் சுவரும் நட்சத்திரத் தூசிதான். இரவு இரண்டு மணிக்குச் சுவரைப் பார்த்து யாரும் நிம்மதி அடைந்ததாகத் தெரியவில்லை.

மறுபக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது: இத்தனை பெரிய அண்டத்தில் நீ ஒரு துகள், உன் கவலைக்கு என்ன மதிப்பு என்பவர்கள். இதுவும் கணக்குத் தெரியாதவர் பேச்சு. நான் ஒரு விண்மீன் திரள் அளவுக்குப் பருத்துவிட்டால் என் கவலைக்கு மதிப்பு கூடிவிடுமா? கூடாது என்றால், சிறுத்திருப்பதால் குறைவதும் இல்லை. பரப்பளவுக்கும் மதிப்புக்கும் எந்தச் சமன்பாடும் கிடையாது. மாணவர் யாராவது விடைத்தாளில் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.

அண்டம் நம்மை அலட்சியப்படுத்துகிறது என்று சொல்வதுகூட அதற்குக் கொடுக்கும் சலுகைதான். அலட்சியப்படுத்தவும் ஓர் ஆள் வேண்டும். அங்கே ஆள் இல்லை. என் பயமே அதுதான் போலிருக்கிறது. அளவு அல்ல, ஆளில்லாத வீடு.

நவம்பர் 30, சனி

அக்கா வழக்கம்போல் ஒன்பது மணிக்குக் கூப்பிட்டாள். மாத்திரை போட்டாயா, கதவைப் பூட்டினாயா, நாளைக்கு மழை என்கிறார்களே, சரி வைக்கிறேன். நான்கு நிமிடம். இருபது ஆண்டுகளாக இதே நான்கு வரிகள், இதே வரிசையில். பதிலை அவள் கவனிப்பதாகவும் தோன்றவில்லை. ஒருநாள் ‘பூட்டவில்லை’ என்று சொல்லிப் பார்த்தேன், ‘நல்லது’ என்றாள்.

விழித்தது 4.10. பரவாயில்லை.

டிசம்பர் 2, திங்கள்

நேற்று அமாவாசை. வானம் இன்றும் நல்ல இருட்டு. பயத்தின் முகத்தை நேரில் பார்த்துவிடலாம் என்று இரவு எட்டு மணிக்கு மாடிக்குப் போனேன். காசியோப்பியா என்ற விண்மீன் கூட்டத்தின் கோணல் வரிசையைப் பிடித்துக்கொண்டு தேடினால் ஆண்ட்ரோமெடா வெறும் கண்ணுக்கே தெரியும், கண்ணாடியில் மூச்சு பட்டதைப்போல ஒரு சின்ன மங்கல். நேராகப் பார்த்தால் மறையும். கொஞ்சம் ஓரமாகப் பார்த்தால் தெரியும். விழித்திரையின் ஓரத்தில்தான் மங்கிய ஒளியை உணரும் செல்கள் அதிகம். இத்தனை நாள் பயமுறுத்தியது இந்த மங்கல்தானா என்று கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மைக்கேல் காலின்ஸ் நினைவுக்கு வந்தார். 1969 ஜூலையில் மற்ற இருவரும் நிலவில் இறங்க, தாய்க்கலத்தில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தவர். ஒவ்வொரு சுற்றிலும் கலம் நிலவின் பின்பக்கம் போகும்போது ஏறக்குறைய 48 நிமிடங்களுக்கு வானொலித் தொடர்பு அறுந்துவிடும். அந்தப் பக்கம், நிலவில் இறங்கிய இருவரையும் சேர்த்து மொத்த மனிதகுலம். இந்தப் பக்கம் அவர் ஒருவர். ஆனால் தான் தனிமையில் வாடவில்லை என்றே அவர் பிற்பாடு எழுதினார். பயமோ தனிமையோ அல்ல, ஒரு நிறைவு, கிட்டத்தட்ட களிப்பு என்கிறார். படித்த வயதில் வீரர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்துத் தள்ளிவிட்டேன்.

இன்று வேறு மாதிரி தோன்றுகிறது. அவருக்கு 48 நிமிடம் என்று தெரியும். விளிம்பைத் தாண்டியதும் காதில் ஒரு குரல் வரும். அந்தக் குரலும் யாரோ ஒருவருடையது அல்ல. தரையிலிருந்து விண்வெளி வீரர்களோடு பேசும் பொறுப்பைப் பெரும்பாலும் இன்னொரு விண்வெளி வீரருக்கே கொடுத்திருந்தார்கள். அறை நிறைய நிபுணர்கள் இருந்தாலும், பேசுவது அந்த இருக்கையின் கஷ்டம் தெரிந்த ஒரே ஓர் ஆள். இதை ஏற்பாடு செய்தவருக்கு ராக்கெட்டைவிட மனிதர்களை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

கழுத்து வலிக்கிறது. படுக்கப் போகிறேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

விழித்தது 3. நினைத்தது: வாயேஜரில் தமிழ் இல்லை.

சிரிக்கலாம், ஆனால் மூன்று மணிக்கு இது பெரிய குறையாகத் தெரிந்தது. இரண்டு வாயேஜர்களிலும் தங்க முலாம் பூசிய ஒரு செப்புத் தட்டு இருக்கிறது. 55 மொழிகளில் வாழ்த்துகள். தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு; பேசுவார் இன்றி எப்போதோ போய்விட்ட சுமேரியமும் அக்காடியனும்கூட உண்டு. தமிழ் இல்லை. அவசர அவசரமாக, கைக்கு எட்டிய குரல்களைச் சேர்த்த தட்டு என்பதால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் சுமேரியனுக்கு இடம் இருந்தது!

பெரும்பாலான வாழ்த்துகள் சபை நாகரிகத்தோடு இருக்கின்றன: அமைதி, நட்பு, நல்வாழ்வு. அமோய் என்ற சீனக் கிளைமொழியில் பேசியவர் மட்டும் வாசலில் நின்று கூப்பிடுவதுபோல் பேசிவிட்டார். விண்வெளி நண்பர்களே, எல்லாரும் சௌக்கியமா, சாப்பிட்டாயிற்றா, நேரம் கிடைத்தால் இங்கே வந்து உட்காருங்கள் என்ற பொருளில். கோடிக்கணக்கான ஆண்டுகள் மிதக்கப்போகும் தட்டில் சாப்பாட்டு விசாரணை! அண்டத்தை நோக்கி மனிதர் சொன்னவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இதில் அக்காவின் சாயல் இருக்கிறது. கேள்விக்குப் பதில் முக்கியமில்லை, கேட்பதுதான் செய்தி.

அதே தட்டில் ஆன் டிரூயனின் மூளை அலைகளும் இதயத் துடிப்பும் பதிவாகியிருக்கின்றன. தட்டு உருவாக்கும் வேலையில் இருந்தவர் அவர். 1977 ஜூன் 1 அன்று ஒரு தொலைபேசி உரையாடலில் அவரும் வானியலாளர் கார்ல் சேகனும் திருமணம் செய்துகொள்வது என்று முடிவாயிற்று. இரண்டு நாள் கழித்து, ஜூன் 3 அன்று, அவர் தலையில் மின்முனைகளை ஒட்டி ஒரு மணி நேரம் அலைகளைப் பதிவு செய்தார்கள். மனித வரலாற்றை எல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவர், கடைசியில் காதலில் விழுந்த நிலையையும் நினைத்துக்கொண்டாராம். சேகன் 1996-இல் இறந்துவிட்டார். அந்த அலைகளைப் படித்துப் பொருள் சொல்ல யாராலும் முடியப்போவதில்லை என்பது என் கருத்து. அதனால் என்ன?

டிசம்பர் 5, வியாழன்

எழுதக் கூடாது என்று இருந்தேன். எழுதுகிறேன்.

கல்லூரி நாளிலிருந்து பழகிய தோழி ஒருத்தி எனக்கு உண்டு. உண்டு என்பதா, இருந்தாள் என்பதா என்று மூன்று ஆண்டுகளாகத் தெரியவில்லை. அவள் அம்மா இறந்தபோது நான் போகவில்லை. தொலைவு காரணமில்லை, உடம்பும் நன்றாகத்தான் இருந்தது. போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். எதற்கும் விளக்கம் வைத்திருக்கும் ஆசிரியைக்கு அன்று ஒரு வாக்கியமும் கிடைக்கவில்லை. வாக்கியம் கிடைத்ததும் போகலாம் என்று இரண்டு நாள் தள்ளினேன். அப்புறம் வெட்கம். பிறகு இரண்டு வரியில் ஓர் இரங்கல் செய்தி அனுப்பினேன். பதில் வரவில்லை.

ஜேம்ஸ் கோன் என்ற உளவியலாளர் 2006-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. மணமான 16 பெண்களை மூளை வருடிக் கருவிக்குள் படுக்கவைத்து, கணுக்காலில் மின் அதிர்ச்சி வரலாம் என்று எச்சரித்தார்கள். ஒருமுறை கணவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒருமுறை அறிமுகமில்லாதவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒருமுறை யாருமே இல்லாமல். கணவர் கை இருந்தபோது, ஆபத்துக்குப் பதறும் மூளைப் பகுதிகள் தெளிவாகவே அடங்கின. அந்நியர் கையும் கொஞ்சம் உதவியது. இல்லறம் எவ்வளவு நன்றாக இருந்ததோ அந்த அளவுக்கு அமைதியும் அதிகம். கணவர்கள் எதையும் விளக்கவில்லை. அதிர்ச்சியின் அளவும் குறையவில்லை. கை இருந்தது, அவ்வளவே. இதைப் பல வருடம் முன்பே படித்து, சுவாரசியமான ஆய்வு என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். பேசத்தான் தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2023 ஜூலையில் வாயேஜர்-2-க்குத் தவறான கட்டளை ஒன்று போய்விட்டது. அதன் ஆன்டெனா பூமியிலிருந்து இரண்டே பாகை விலகியது. இரண்டு பாகை என்பது கடிகாரத்தில் நிமிட முள் இருபது விநாடியில் நகரும் கோணம். அந்தத் தொலைவில் அது போதும். பேச்சு முழுவதும் நின்றுவிட்டது. ஆகஸ்ட் 1 அன்று, பல ஆன்டெனாக்களைச் சேர்த்துக் கேட்டதில் இதயத் துடிப்புபோல ஒரு மெல்லிய அலை மட்டும் கிடைத்தது: உயிரோடு இருக்கிறது, ஆனால் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அந்தக் கலம் ஆண்டுக்குச் சில முறை தானாகவே தன் திசையைச் சரிசெய்துகொள்ளும். அடுத்த முறை அக்டோபர் 15. சும்மா இருந்திருந்தாலும் அது திரும்பியிருக்கக்கூடும். அவர்கள் சும்மா இருக்கவில்லை. கான்பெராவில் உள்ள மாபெரும் ஆன்டெனாவிலிருந்து, இந்தப் பக்கம் திரும்பு என்று முழு வலுவோடு ஒரு கட்டளையை அனுப்பினார்கள். விண்வெளியை நோக்கி ஒரு ‘கூச்சல்’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். போக 18 மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. 37 மணி நேரம் கழித்து, ஆகஸ்ட் 4 அன்று, தரவு வரத் தொடங்கியது.

நான் மூன்று ஆண்டுகளாக அக்டோபர் 15-க்குக் காத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று அதிகாலை 3.10-க்கு அவளுக்குச் செய்தி அனுப்பினேன். நல்ல வாக்கியம் எதுவும் அப்போதும் கிடைக்கவில்லை. ‘தூக்கம் வரவில்லை. நீ எப்படி இருக்கிறாய்?’ என்று மட்டும்.

டிசம்பர் 6, வெள்ளி

காலை: இல்லை. மதியம்: இல்லை. எண் மாறியிருக்கலாம். மாறாமலும் இருக்கலாம், அதுதான் இன்னும் மோசம்.

மாலை 6.10: ‘மூக்குக்கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டு நேற்றெல்லாம் தேடினேன். இப்போதுதான் படித்தேன். தூக்கம் எனக்கும் இல்லை. ஞாயிறு கூப்பிடு.’

39 மணி நேரம். வாயேஜர் பரவாயில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

பேசினோம். ஐம்பது நிமிடம். முதல் இருபது நிமிடமும் அவளுடைய முழங்கால்: எந்தப் படியில் வலிக்கிறது, எந்தப் படியில் இல்லை, அறுவை சிகிச்சை வேண்டாம் என்று ஏன் சொல்லிவிட்டாள். குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது. பேச்சின் நடுவே, தானே கேட்டு தானே பதில் சொல்லிக்கொள்ளும் பழக்கம் அப்படியே இருக்கிறது.

பிறகு ஓர் இடைவெளி விழுந்தது. நான் ஆரம்பிக்க வாயெடுத்தேன், அவள் முந்திக்கொண்டாள்.

“அன்றைக்கு நீ வரவே இல்லையே.”

“வரவில்லை. என்ன சொல்வதென்று தெரியவில்லை.”

“உன்னை யார் பேசச் சொன்னார்கள்? எனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தேன். யாரையும் உட்காரவிடவில்லை.”

அதற்கு நான் எதுவும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவளும் அதைத்தான் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கொஞ்ச நேரம் கழித்து “இருக்கிறாயா?” என்றாள். இருக்கிறேன் என்றேன். மறுபடி முழங்காலுக்கே போய்விட்டோம்.

அடுத்த வாரம் நேரில் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

படுத்தது 10.30. விழித்தது 3.20. நினைத்தது: இடது முழங்காலா, வலதா என்று கேட்க மறந்துவிட்டேன்.